1959: ஒரு வருடமும் ஐந்து இசைத்தட்டுகளும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் பிறந்துவிட்டால் இசை ரசிகர்களை ஒரு பழக்கம் பிடித்துக்கொள்கிறது. அந்த ஆண்டில் வெளியான ஆல்பங்களில் தமக்குப் பிடித்தவை ஐந்தையோ பத்தையோ தேர்ந்தெடுத்து, வரிசை எண்ணிட்டு, நண்பர்களிடம் காட்டிச் சண்டைக்கு இழுக்கும் பழக்கம். நானும் அதற்கு விதிவிலக்கல்ல. ஆனால் நான் அதிகமுறை அடித்துத் திருத்தி எழுதியிருக்கும் பட்டியல் நடப்பு ஆண்டினுடையதன்று. நான் பிறப்பதற்கு முன்பே கடந்துபோன ஓர் ஆண்டினுடையது. ஆண்டு 1959. இடம் அமெரிக்கா, பெரும்பாலும் நியூயார்க் நகரம். இசை ஜாஸ்.

ஆண்டுப் பட்டியல்களில் ஒரு சிக்கல் உண்டு. அவற்றை எழுதுபவர் இசைக்கு மிக அருகில் நிற்கிறார். அதனாலேயே அதன் உயரம் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. 1959-ஐயே எடுத்துக்கொள்ளலாம். கிராமி விருதுகள் தொடங்கிய ஆண்டு அது. மே 4 அன்று நடந்த முதல் விழாவில் சிறந்த ஆல்பமாகத் தேர்வானது, ஹென்றி மான்சினி ‘பீட்டர் கன்’ என்ற தொலைக்காட்சித் தொடருக்கு அமைத்த இசை. நவம்பர் 29 அன்று நடந்த இரண்டாவது விழாவில் அதே விருது ஃப்ராங்க் சினாட்ராவின் ‘கம் டான்ஸ் வித் மீ’ ஆல்பத்துக்குச் சென்றது. இருவரும் தேர்ந்த கலைஞர்கள், அதில் ஐயமில்லை. ஆனால் 1959 என்றதும் இன்று ஜாஸ் ரசிகர்கள் ஒப்பிக்கும் ஐந்து ஆல்பங்களில் ஒன்றுகூட அந்த இரு விழாக்களிலும் வென்றோர் வரிசையில் இல்லை.

அந்த ஐந்து இவை: மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’, சார்லஸ் மிங்கஸின் ‘மிங்கஸ் ஆ அம்’, ஆர்னெட் கோல்மனின் ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’, ஜான் கோல்ட்ரேனின் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’, டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’. இவற்றில் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ கடைக்கு வந்தது 1960-இன் தொடக்கத்தில். ஆகவே 1959 டிசம்பரில் நியூயார்க்கில் உட்கார்ந்து பட்டியல் போட்ட ரசிகர் எவருக்கும் அது கிடைத்திருக்காது. ஒலிப்பதிவான ஆண்டைக் கணக்கில் கொண்டு நான் அதைச் சேர்த்துக்கொள்கிறேன். பின்னால் பிறந்தவனுக்குக் கிடைக்கும் சிறு சலுகை இது.

பட்டியலுக்குள் போகுமுன் ‘ஆல்பம்’ என்ற பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு 78 சுற்றுகள் சுழன்ற பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் இடம். 1948 ஜூனில் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுகள் சுழலும் நீண்ட நேர இசைத்தட்டை அறிமுகம் செய்தது. ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கும் மேல் பதிவு செய்ய முடிந்தது. மூன்று நிமிடத்துக்குள் ராக ஆலாபனையையும் கிருதியையும் முடிக்க வேண்டியிருந்த நம் பழைய கிராமஃபோன் வித்வான்களின் அவதியை நினைத்துப் பார்த்தால் இந்த மாற்றத்தின் அளவு விளங்கும். ஜாஸில் மனோதர்மமே உயிர். கலைஞர் ஒருவர் நின்று நிதானித்து யோசிக்கும் வாசிப்பை முதல்முறையாக வீட்டில் கேட்க வழி பிறந்தது. 1959-இல் அந்த வசதிக்கு வயது பதினொன்று.

மூன்று மாதங்கள்

தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் வியப்பு கூடுகிறது. மார்ச் 2 அன்று ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் முதல் அமர்வு. ஏப்ரல் 22 அன்று இரண்டாவது அமர்வு. அதில் டெனர் சாக்ஸஃபோன் வாசித்த கோல்ட்ரேன், பன்னிரண்டு நாள் கழித்து, மே 4, 5 தேதிகளில் ‘ஜயண்ட் ஸ்டெப்’ஸின் பெரும்பகுதியைப் பதிவு செய்கிறார். அதே மே 5 அன்று அதே நகரத்தில் மிங்கஸ் தன் ஆல்பத்தைத் தொடங்குகிறார். மே 12 அன்று முடிக்கிறார். மே 22 அன்று நாட்டின் மறுகோடியில், லாஸ் ஏஞ்சலிஸில், ஆர்னெட் கோல்மன் ஒரே நாளில் தன் ஆல்பத்தை முடித்துவிடுகிறார். மூன்று மாதத்துக்கும் குறைவான காலத்தில் இவ்வளவும். ஜூன் 25 அன்று ப்ரூபெக் தொடங்குகிறார்.

மைல்ஸ், மிங்கஸ், ப்ரூபெக் மூவரின் ஆல்பங்களும் ஒரே கூடத்தில் பதிவானவை. மன்ஹாட்டனின் கிழக்கு 30-ஆம் தெருவில் இருந்த பழைய தேவாலயம் ஒன்றைக் கொலம்பியா ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியிருந்தது. உயர்ந்த கூரையும் மரத்தரையும் கொண்ட அந்தக் கூடத்தில்தான் க்ளென் கூல்ட் 1955-இலும் 1981-இலும் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்களைப் பதிவு செய்தார். அந்தக் கட்டடம் இன்று இல்லை.

இந்த மாதங்களிலேயே ஒரு தலைமுறையின் கணக்கும் முடிந்துகொண்டிருந்தது. மார்ச் 15 அன்று டெனர் சாக்ஸஃபோனின் மென்குரலான லெஸ்டர் யங் இறந்தார். மே 14 அன்று சிட்னி பெஷே. ஜூலை 17 அன்று, லெஸ்டரின் உயிர்த் தோழியான பாடகி பில்லி ஹாலிடே, தம் 44-ஆம் வயதில், போதைப்பொருள் வழக்கில் மருத்துவமனைக் கட்டிலிலேயே கைது செய்யப்பட்ட நிலையில் இறந்தார். பிறப்புகளும் சாவுகளும் இவ்வளவு நெருக்கமாக நேர்ந்த ஆண்டு ஜாஸில் வேறு எதுவென்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

கார்ட் என்னும் கயிறு

கர்நாடக இசைக்குப் பழகிய காதுக்கு ஒரு விளக்கம் தேவைப்படலாம். நம் வித்வானுக்கு மனோதர்மத்தின் ஆதாரம் ராகம். ஜாஸ் கலைஞருக்கு அது ‘கார்ட்’. அதாவது ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு. ஒரு பாட்டின் கீழே இந்தக் கூட்டுகள் குறிப்பிட்ட வரிசையில் மாறிக்கொண்டே போகும். வாசிப்பவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்பத் தன் ஸ்வரங்களைத் தேர்ந்துகொள்ள வேண்டும். 1940-களில் சார்லி பார்க்கரும் டிஸ்ஸி கில்லஸ்பியும் உருவாக்கிய பீபாப் பாணியில் இந்த மாற்றங்கள் நெருக்கமாயின, வேகமும் ஏறிற்று. 1955-இல் பார்க்கர் இறந்தபோது அவருடைய வழியில் வந்தவர்கள் ஒரு முட்டுச்சந்தில் நின்றார்கள். கார்டுகளைத் துரத்துவதே வாசிப்பாகிப் போய், பாட மூச்சில்லாமல் ஆகிவிட்டது. இந்தக் கயிற்றை என்ன செய்வது? தளர்த்துவதா, இன்னும் இறுக்குவதா, அறுத்தே எறிவதா? ஐந்து ஆல்பங்களும் இந்தக் கேள்விக்கு ஒன்றையொன்று மறுக்கும் பதில்களைச் சொன்னவை. கீழே வருவது என் வரிசை, ஐந்திலிருந்து ஒன்றுவரை.

5. டைம் அவுட்

ப்ரூபெக் கார்டைத் தொடவில்லை, தாளத்தில் கைவைத்தார். அன்றைய ஜாஸ் பெரும்பாலும் நான்கு எண்ணிக்கையில் நடந்தது. 1958-இல் அமெரிக்க வெளியுறவுத் துறை அவர் குழுவைப் போலந்திலிருந்து துருக்கி, ஈரான், இந்தியா, இலங்கை வரை நீண்ட பயணமாக அனுப்பியது. இஸ்தான்புல் தெருவில் கலைஞர்கள் ஒன்பது எண்ணிக்கையை 2+2+2+3 என்று பிரித்து வாசிப்பதைக் கேட்ட அனுபவத்திலிருந்துதான் ‘ப்ளூ ரோண்டோ ஆ லா டர்க்’ பிறந்தது. சென்னைக்கும் வந்தார்கள், மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையுடன் சேர்ந்து வாசித்தது அந்தப் பயணத்தில்தான்.

சாக்ஸஃபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் இயற்றிய ‘டேக் ஃபைவ்’ ஐந்து எண்ணிக்கையில் நடப்பது. கண்டசாபுக்குப் பழகிய நமக்கு ஐந்து ஒன்றும் புதிதல்ல. ஆனால் கண்டசாபு 2+3 என்று போகும். இது 3+2 என்று போகிறது. அந்தச் சிறு தலைகீழ்தான் கால் தட்டுபவரை முதலில் தடுமாற வைக்கிறது. பியானோ விடாமல் அதே சிறு கோலத்தைப் போட, ஜோ மொரெல்லோவின் டிரம்ஸ் அதன்மீது நின்று நிதானமாகத் தனி வாசிக்கிறது.

எல்லாமே புதிய உருப்படிகள், அட்டையில் நவீன ஓவியம், நடனமாட முடியாத தாளங்கள் என்று நிறுவனத்தின் விற்பனைப் பிரிவு தயங்கியது. ‘டவுன்பீட்’ பத்திரிகையின் விமர்சகர் 2 நட்சத்திரம்தான் கொடுத்தார். டிசம்பர் 14 அன்று வெளிவந்த ஆல்பம் பத்து லட்சத்தைத் தாண்டி விற்றது. டெஸ்மண்ட் 1977-இல் இறந்தபோது ‘டேக் ஃபைவ்’ தரும் உரிமைத்தொகையை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதி வைத்திருந்தார்.

இதை ஐந்தாம் இடத்தில் வைப்பதற்குக் காரணம், சில உருப்படிகளில் புதிய தாளம் முகப்பு மண்டபத்தோடு நின்றுவிடுவது. ‘ப்ளூ ரோண்டோ’விலேயே தனி வாசிப்பு தொடங்கியதும் வழக்கமான நான்குக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனாலும் ப்ரூபெக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் குழுவில் பேஸ் வாசித்த யூஜீன் ரைட் கறுப்பினத்தவர். 1960-இன் தொடக்கத்தில் தென்மாநிலக் கல்லூரிகள் பல, வெள்ளையர் ஒருவரை அவரிடத்தில் நிறுத்தினால்தான் கச்சேரி என்றபோது ப்ரூபெக் மறுத்துவிட்டார். 25 கச்சேரிகளில் 23 ரத்தாயின.

4. ஜயண்ட் ஸ்டெப்ஸ்

கோல்ட்ரேன் கயிற்றை இறுக்கினார். தலைப்புப் பாடலில் 16 ஆவர்த்தனங்களுக்குள் 26 கார்டுகள். அதுவும் சாதாரண மாற்றங்கள் அல்ல. ஸ்தாயியை மூன்று சமபங்காகப் பிரித்தால் கிடைக்கும் மூன்று இடங்களுக்கிடையே ஆதார சுருதியே தாவிக்கொண்டிருக்கிறது. ஒரு சுருதியில் காது அமர்வதற்குள் அடுத்தது வந்துவிடும். இவ்வளவும் தலைதெறிக்கும் வேகத்தில்.

கோல்ட்ரேன் இந்த வழித்தடத்தை வீட்டில் மாதக்கணக்கில் பயின்று வந்திருந்தார். பியானோ கலைஞர் டாமி ஃப்ளேனகனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஒலிப்பதிவில் கோல்ட்ரேன் அருவியாகக் கொட்டி முடித்ததும் ஃப்ளேனகனின் முறை வருகிறது. ஓரிரு சொற்றொடர்களை வாசிக்கிறார், தயங்குகிறார், கடைசியில் வெறும் கார்டுகளை மட்டும் அழுத்துகிறார். மிகத் தேர்ந்த கலைஞர் ஒருவர் கால் இடறும் அந்தக் கணம் இசைத்தட்டிலேயே இருக்கிறது. எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம், சோதனை என்பது எவ்வளவு உண்மையானது என்று தோன்றும். ஒத்திகை பார்த்த வெற்றிகள் மட்டுமே நிறைந்த ஆல்பத்தில் இந்த மெய்மை இருக்காது. பல ஆண்டுகள் கழித்து ஃப்ளேனகன் ‘ஜயண்ட் ஸ்டெப்ஸ்’ என்றே ஓர் ஆல்பம் வெளியிட்டு, கோல்ட்ரேனுக்கு அஞ்சலியாக அதே பாடலை நிதானமாக வாசித்துக் காட்டினார். கடனைத் தீர்த்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும்.

அதே ஆல்பத்தில் ‘நைமா’வும் இருக்கிறது. மனைவியின் பெயரைத் தாங்கிய அந்த மெல்லிய உருப்படி டிசம்பர் 2 அன்று பதிவானது. அடியில் பேஸ் ஒரே ஸ்வரத்தைத் தம்பூரா போலப் பிடித்துக்கொண்டிருக்க, மேலே கார்டுகள் மெல்ல நிறம் மாறுகின்றன. பின்னாளில் இந்திய இசையை ஆழ்ந்து கேட்டு, 1965-இல் பிறந்த மகனுக்கு ரவிசங்கரின் நினைவாக ரவி என்று பெயரிட்ட கோல்ட்ரேன் இங்கேயே தெரிகிறார். தலைப்புப் பாடலின் வேகத்தைவிட இந்த நிதானத்துக்காகவே நான் இந்த ஆல்பத்தை எடுப்பேன்.

3. தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்

ஆர்னெட் கோல்மன் கயிற்றை அறுத்தார். டெக்ஸாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த்தில் 1930-இல் பிறந்தவர். தன் வாசிப்புக்காக ஒரு நடன அரங்கின் வெளியே அடிபட்டு, வாத்தியத்தையும் இழந்தவர். லாஸ் ஏஞ்சலிஸில் லிஃப்ட் இயக்கிப் பிழைத்தவர். உலோக வாத்தியம் வாங்க வசதியில்லாததால் வெள்ளை ப்ளாஸ்டிக் சாக்ஸஃபோன் ஒன்றை வாங்கி, அதன் குரலிலேயே ஊறிப்போனவர். இவர் குழுவில் பியானோ கிடையாது. கார்டுகளைக் கீழே விரிப்பவர் இல்லாததால் யாரும் எதையும் துரத்த வேண்டியதில்லை. டான் செர்ரியின் கார்னெட், சார்லி ஹேடனின் பேஸ், பில்லி ஹிக்கின்ஸின் டிரம்ஸ், ஆர்னெட்டின் ஆல்டோ சாக்ஸஃபோன். நால்வரும் ஒருவரையொருவர் கேட்டு, அந்தக் கணத்தில் எது தோன்றுகிறதோ அதன் வழியே போகிறார்கள்.

முதல் உருப்படி ‘லோன்லி உமன்’. டிரம்ஸ் வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது. அதன்மீது இரு ஊதுவாத்தியங்களும் எந்த அவசரமும் இல்லாமல், தாளத்துக்குக் கட்டுப்படாத ஆலாபனைபோல ஒரு மெட்டை இழுத்து நிற்கின்றன. கீழே ஓட்டம், மேலே நிலை. இதைக் கேட்டுக் குழம்பியவர்கள்கூட இதை மறந்ததில்லை.

நவம்பர் 17 அன்று இக்குழு நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் வாசிக்க வந்தது. இரண்டு வாரத்துக்கென்று பேசியது பத்து வாரமாக நீண்டது. நகரத்தின் இசைக்கலைஞர்கள் எல்லாரும் வந்து கேட்டார்கள். லெனர்ட் பெர்ன்ஸ்டைன் கொண்டாடினார். மைல்ஸ் டேவிஸ் இகழ்ந்தார். ஏமாற்றுவேலை என்றவர்கள் பலர். கோல்ட்ரேன் வாதாடவில்லை, அடுத்த ஆண்டே ஆர்னெட்டின் சகாக்களை அழைத்து ஓர் ஆல்பம் பதிவு செய்தார். 2007-இல் ஆர்னெட்டுக்கு இசைக்கான புலிட்சர் விருது கிடைத்தது. அறுத்த கயிற்றை ஏற்க நிறுவனங்களுக்கு அரை நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

2. கைண்ட் ஆஃப் ப்ளூ

மைல்ஸ் கயிற்றைத் தளர்த்தினார். ‘ஸோ வாட்’ நமக்கு எளிதில் விளங்கும் உருப்படி. டோரியன் என்ற ஸ்வர வரிசையில் 16 ஆவர்த்தனம். அதே வரிசையை அரை ஸ்வரம் உயர்த்தி 8. மீண்டும் பழைய இடத்தில் 8. அவ்வளவே. டோரியன் என்பது நம் கரகரப்ரியாவின் ஸ்வரங்களேதாம். கமகம் இல்லை, ராகத்தின் நடை இல்லை. ஆகவே அதைக் கரகரப்ரியா என்று சொல்லிவிட முடியாது. ஆனால் ஒரே ஸ்வர வரிசையில் நின்று நிதானமாகச் சிந்திக்கும் சுதந்திரம் நம் காதுக்கு அந்நியமானதல்ல. மேலைச் செவ்வியல் இசையைச் சுவாசித்து வளர்ந்த பில் எவன்ஸின் பியானோ இந்த வெட்டவெளிக்கு ஒரு வெளிச்சம் கொடுத்தது.

கலைஞர்களுக்கு முன்கூட்டிக் கிடைத்தவை சில குறிப்புகள் மட்டுமே. இரண்டே நாள். பதிவானவற்றில் பெரும்பாலானவை முதல் முழு வாசிப்புகள். ஒரே பொருளைக் கேனன்பால் ஆடர்லி குதூகலமாகவும் கோல்ட்ரேன் தேடலாகவும் மைல்ஸ் மௌனத்தை அளந்தும் பேசுவதைக் கேட்கலாம். மார்ச் 2 அமர்வின்போது ஒலிநாடாக் கருவி சற்று மெதுவாக ஓடியதால் முதல் பக்கத்தின் மூன்று உருப்படிகளும் இயல்பைவிடச் சிறிது உயர்ந்த சுருதியில் அச்சாகிவிட்டன. 1990-களில்தான் அது திருத்தப்பட்டது. ஒரு தலைமுறை ரசிகர்கள் தவறான சுருதியிலேயே இதைக் காதலித்திருக்கிறார்கள். 2019-இல் இதன் அமெரிக்க விற்பனை 50 லட்சத்தைத் தாண்டியதாகச் சான்றளிக்கப்பட்டது. ஆல்பத்தில் வாசித்தவர்களில் கடைசியாக உயிரோடிருந்த டிரம்ஸ் கலைஞர் ஜிம்மி காப் 2020-இல் மறைந்தார்.

ஆகஸ்ட் 17 அன்று ஆல்பம் வெளிவந்தது. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 25 இரவு, பேர்ட்லேண்ட் விடுதியில் வாசித்துக்கொண்டிருந்த மைல்ஸ், இடைவேளையில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரை டாக்ஸியில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றார். நகர்ந்து போகும்படி போலீஸ்காரர் ஒருவர் சொன்னார். உள்ளே வாசிப்பது நான்தான், விளம்பரப் பலகையில் என் பெயர்தான் இருக்கிறது என்றார் மைல்ஸ். நகரவில்லை. தலையில் தடியடி விழுந்தது. சட்டை முழுவதும் ரத்தத்தோடு காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். வழக்கு பிறகு நிற்கவில்லை. அந்த நூற்றாண்டின் மிக அமைதியான இசைத்தட்டைச் செய்தவருக்கு, அது கடைக்கு வந்த இரண்டாவது வாரத்தில், தன் பெயர் எழுதிய பலகையின் கீழே நிற்க உரிமை இருக்கவில்லை.

1. மிங்கஸ் ஆ அம்

என் முதலிடம் இதற்கு. நண்பர்களில் பெரும்பாலோர் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வைத்தான் இங்கே வைப்பார்கள். ஆகவே என் தரப்பைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

தலைப்பு ஒரு விளையாட்டு. லத்தீன் இலக்கணத்தில் பெயரடைகள் ‘அஸ், ஆ, அம்’ என்று விகுதி மாறும்; தன் பெயரின் கடைசி அசையைப் பிடித்துக்கொண்டு மிங்கஸ் வாய்பாடு ஒப்பிக்கிறார். ஆனால் பாடம் நடத்துவது எழுத்தால் அல்ல. மிங்கஸ் தன் கலைஞர்களுக்குப் பல நேரம் ஸ்வரக் குறிப்பு கொடுக்க மறுத்து, பாடிக்காட்டியும் வாசித்துக்காட்டியும் சொல்லிக்கொடுத்தார். குருமுகமாகக் கற்றுப் பாடாந்தரம் பேணும் நமக்கு இதன் நியாயத்தை விளக்க வேண்டியதில்லை. தாளில் உள்ள ஸ்வரத்தை வாசிப்பவர் அதைத் தனக்குச் சொந்தமில்லாததுபோல் வாசிப்பார் என்பது அவர் நம்பிக்கை.

கயிற்றைப் பற்றிய கேள்விக்கு மிங்கஸின் பதில் விசித்திரமானது. அவர் அதைத் தளர்த்தவும் இல்லை, அறுக்கவும் இல்லை. அது எங்கே நூற்கப்பட்டது என்று தேடிப் பின்னோக்கிப் போனார். முதல் உருப்படியான ‘பெட்டர் கிட் இட் இன் யுவர் ஸோல்’ கறுப்பினத் தேவாலயத்தின் கூட்டு வழிபாட்டை அப்படியே கொண்டுவருகிறது. கைதட்டல், கூவல், ஒருவர் அழைக்க மற்றவர் பதில் கொடுப்பது எல்லாம் உண்டு. டியூக் எலிங்டனுக்கு ஒரு மடல், ஜெல்லி ரோல் மார்ட்டனுக்கு ஒரு குறும்பான வணக்கம். லெஸ்டர் யங் இறந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில் அவருக்காக ‘குட்பை போர்க் பை ஹாட்’. லெஸ்டர் அணிந்த தட்டைத் தொப்பியின் பெயர் அது. ஒப்பாரியில் இருக்க வேண்டிய அழுகையும் கட்டுப்பாடும் அதில் இருக்கின்றன. ஒரு மரபின் சாவு வீட்டில் நின்றுகொண்டு இவர் உறவுமுறை சொல்லி அழைக்கிறார். மற்ற நான்கு ஆல்பங்களும் எதிர்காலத்தை நோக்கிப் போக, இது ஒன்றுதான் அந்த ஆண்டு எதை இழந்துகொண்டிருந்தது என்று திரும்பிப் பார்த்தது.

அடுத்து ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’. ஆர்வல் ஃபாபஸ் அர்க்கன்ஸா மாநில ஆளுநர். 1957 செப்டம்பரில் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் நுழையாமல் தடுக்கத் தேசியக் காவல் படையை நிறுத்தியவர். ஜனாதிபதி ஐசன்ஹோவர் ராணுவத்தை அனுப்பி மாணவர்களை உள்ளே அழைத்துச்செல்ல வேண்டியிருந்தது. அரசு தன் கலாசாரத் தூதராகச் சோவியத் ஒன்றியத்துக்கு அனுப்ப நினைத்த லூயி ஆம்ஸ்ட்ராங், இதைக் கண்டு கொதித்துப் போக மறுத்தார். பொதுவாக 1957-இன் எதிர்வினையாகவே மிங்கஸின் உருப்படியைப் பேசுகிறார்கள். ஆனால் கதை அப்போது முடிந்திருக்கவில்லை. அடுத்த கல்வியாண்டில் ஃபாபஸ் லிட்டில் ராக்கின் பொது உயர்நிலைப் பள்ளிகளையே மூடிவிட்டார். கறுப்பினப் பிள்ளைகளோடு சேர்ந்து படிப்பதைவிட எவரும் படிக்காமலிருப்பது மேல் என்பது அதன் பொருள். 1959 மே மாதம் மிங்கஸ் 30-ஆம் தெருக் கூடத்தில் இதைப் பதிவு செய்துகொண்டிருந்தபோது அந்தப் பள்ளிகள் மூடியே கிடந்தன. பழைய காயத்தின் நினைவாக அல்ல, நடந்துகொண்டிருந்த அநீதிக்கு நடுவில் எழுந்த இசை இது.

இதற்கு மிங்கஸ் எழுதிய சொற்கள் உண்டு; ஆளுநரைப் பெயர் சொல்லி முட்டாள் என்று எள்ளுபவை. ஆனால் 1959 இசைத்தட்டில் சொற்கள் இல்லை. கொலம்பியா அனுமதிக்கவில்லை என்பதே வழிவழியாகச் சொல்லப்படுவது. சொற்கள் பின்னர்தான் சேர்ந்தன என்று கருதுவோரும் உண்டு. 1960-இல் கேண்டிட் என்ற சிறு நிறுவனத்துக்காக மிங்கஸ் அதை மீண்டும் பதிவு செய்தபோது அவரும் டிரம்ஸ் கலைஞர் டேனி ரிச்மண்டும் மாறி மாறி அச்சொற்களைக் கூவினார்கள்.

இசையை அரசியலால் அளக்கலாமா என்று கேட்கலாம். கூடாது என்பதே என் கருத்தும். நல்ல நோக்கம் கொண்ட மோசமான பாடல்கள் எல்லா மொழிகளிலும் மண்டிக் கிடக்கின்றன. ஆனால் இந்த உருப்படியின் கேலி ஸ்வரங்களிலேயே இருக்கிறது. தொப்பை பெருத்த அதிகாரி ஒருவர் வீதியில் தள்ளாடி நடப்பதுபோன்ற மெட்டு. அதன் பின்னால் விசிலடித்துச் செல்லும் பையன்கள்போல் சாக்ஸஃபோன்கள். திடீரென்று காலம் மாறி, கேலி வலியாகும் நடுப்பகுதி. சொல் இல்லாமலே எள்ளல் முழுமையாகக் கேட்கிறது. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ அதைவிடத் தூய்மையான ஆல்பம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தூய்மையே அதற்கு ஆபத்தாகிவிட்டது. இன்று காபிக் கடைகளிலும் நட்சத்திர விடுதி வரவேற்பறைகளிலும் அது யாரையும் தொந்தரவு செய்யாமல் ஒலிக்கிறது. ஆகஸ்ட் 25 இரவின் ரத்தம் அதில் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மிங்கஸைப் பின்னணி இசையாக்க முடியாது. இரண்டு நிமிடத்துக்குள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்க வைத்துவிடுவார். ஒரு வருடத்தின் பட்டியல் என்று போட்டால், அந்த வருடமே எதில் அதிகம் கேட்கிறதோ அதற்குத்தான் முதலிடம் என்பது என் கணக்கு.

மிங்கஸ் 1979 ஜனவரியில் மெக்ஸிகோவில் இறந்தார். அவர் விருப்பப்படி மனைவி சூ மிங்கஸ் அஸ்தியை இந்தியாவுக்கு எடுத்துவந்து கங்கையில் கரைத்தார்.

இந்த ஆண்டின் பட்டியல்களும் எங்கெங்கோ தயாராகிக்கொண்டிருக்கும். அவற்றில் எது மிஞ்சும் என்று இப்போது சொல்ல இயலாது. 1959-இன் விருதுக் குழுவினரைவிட நாம் கூர்மையான காதுடையவர்கள் என்று நினைக்க எந்த முகாந்திரமும் இல்லை. அதனால் பட்டியல் போடுவதை நிறுத்த வேண்டியதில்லை. ஐம்பது ஆண்டு கழித்து அடித்துத் திருத்த யாருக்காவது அது தேவைப்படும். 1959-க்குப் புதிதாக வருபவர்களுக்கு என் சிபாரிசு ஒன்றுதான். ‘ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்’ உருப்படியை முதலில் சொல்லற்ற 1959 வடிவத்தில் கேளுங்கள். பிறகு சொற்களோடு கூடிய 1960 வடிவத்தைக் கேளுங்கள். அதன்பின் மறுபடியும் முதலாவதைப் போடுங்கள். இம்முறை சொற்கள் அதற்குள் இருக்கும்.